வீட்டு ஏணி: வாங்குவதும் சாத்துவதும் ஏறுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்விசிறி துடைப்பது, பரணிலிருந்து பாத்திரம் இறக்குவது, மொட்டைமாடித் தொட்டியைப் பார்ப்பது, பொங்கலுக்கு வெள்ளையடிப்பது ஆகிய வீட்டு வேலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பதில்கள் இவை. ஏணியில் நெடுக்கே நிற்கும் இரண்டையும் கால் என்றும், குறுக்கே மிதிக்கும் இடத்தைப் படி என்றும் இங்கே குறிப்பிடுகிறோம்.

வீட்டுக்கு ஒரே ஓர் ஏணிதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

வீட்டுக்குள் பயன்படும் ஏ வடிவ மடக்கு ஏணியை வாங்குங்கள்; உச்சியில் நின்று வேலை செய்ய அகலமான தட்டும், அதற்கு மேலே முழங்கால் உயரத்துக்காவது ஒரு பிடிகம்பியும் உள்ளதாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே வெளிச்சுவரில் சாத்தி ஏற வேண்டியிருக்கும் நீண்ட ஏணியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வேலைக்கும் ஒன்றே போதும் என்று எண்ணி, மூட்டுகளில் மடங்கும் பலபயன் ஏணியை வாங்குகிறவர்கள் உண்டு. அது கெட்டியான பொருள்தான். ஆனால் கனம் அதிகம் என்பதால், ஒரு குழல்விளக்கு மாற்றுவதற்காக அதைத் தூக்கி வர மனமில்லாமல், பலர் கடைசியில் கட்டிலின் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுகிறார்கள். கைக்கு எட்டும் இடத்தில், ஒருவரே தூக்கக்கூடிய எடையில் இருக்கும் ஏணிதான் உண்மையில் பயன்படும்.

மொட்டைமாடித் தொட்டிக்கு மாதந்தோறும் ஏற வேண்டிய வீடாக இருந்தால் ஏணி வாங்காதீர்கள். கொத்தனாரையும் வெல்டரையும் அழைத்துச் சுவரோடு சேர்த்து இரும்பு ஏணி பொருத்திக்கொள்ளுங்கள்.

எத்தனை அடி ஏணி தேவை என்பதை எப்படிக் கணக்கிடுவது?

கடையில் சொல்லும் அடிக்கணக்கு ஏணியின் மொத்த உயரம். நீங்கள் நிற்கப்போகும் உயரம் அதுவன்று. 6 அடி ஏணி என்றால் அதன் உச்சிவரை ஏறி நிற்கலாம் என்று பொருளாகாது. ஆகவே உங்கள் பாதம் எங்கே நிற்க வேண்டும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

10 அடி உயரக் கூரையில், விசிறியின் இறக்கை பெரும்பாலும் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் சுழலும். இறக்கையின் மேற்புறத்தில் படிந்த தூசியைப் பார்த்துத் துடைக்க வேண்டுமானால் முகம் இறக்கைக்கு நேராக வர வேண்டும். சராசரி உயரமுள்ள ஒருவரின் கண் பாதத்திலிருந்து ஏறக்குறைய 5 அடியில் இருப்பதால், பாதம் 3 அடி உயரத்தில் நிற்க வேண்டும். படிக்குப் படி 9 அங்குலம் என்று கொண்டால் அது நான்காவது படி. தட்டு இல்லாத மடக்கு ஏணியில் மேலிரண்டு படிகளில் நிற்கக் கூடாது என்பதால் ஆறு படி தேவைப்படும். தட்டும் பிடிகம்பியும் உள்ள ஏணியில் நான்கைந்து படி போதும்.

சாத்து ஏணிக்குக் கணக்கு வேறு. 11 அடி உயரத் தளத்துக்கு ஏறி மேலே இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சரியான சாய்வில் வைத்தால் தளத்தின் விளிம்புவரை ஏணியின் நீளம் 11 அடிக்குச் சற்றே கூடுதலாக வரும். விளிம்புக்கு மேலே பிடித்துக்கொள்ள இன்னும் 3 அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே 14½ அடிக்குக் குறைந்த ஏணி போதாது. கடையில் 15 அடி கேளுங்கள்.

அலுமினியம், ஃபைபர், இரும்பு, மூங்கில்: எது நல்லது?

எடை குறைவு, துருப்பிடிக்காது என்பதால் வீட்டுக்கு அலுமினியமே வசதி. மின்கம்பிக்கு அருகே கொண்டுபோகக் கூடாது என்பது அதன் பெரிய குறை. மின்வேலை செய்பவர்கள் கண்ணாடியிழை ஏணி, அதாவது கடைக்காரர்கள் ஃபைபர் ஏணி அல்லது எஃப்ஆர்பி ஏணி என்று சொல்வதைத்தான் வாங்க வேண்டும். அது மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், மழையில் நனைந்தாலோ, சுண்ணாம்பும் அழுக்கும் அப்பியிருந்தாலோ அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. இரும்பு ஏணி ஓரிடத்தில் நிலையாக நிற்க உகந்தது. தூக்கித் திரிய உகந்ததன்று.

மூங்கில் ஏணியை இன்னும் நம்பலாமா?

நல்ல ஏணியாக இருந்தால் நம்பலாம். மலைத்தேன் எடுப்பவர்கள் ஏறிய, மூங்கிலின் கணுக்களையே படியாகக் கொண்ட கணுவேணிக்குப் பழந்தமிழில் மால்பு என்றே தனிப்பெயர் இருந்தது. நம்மவர்களுக்கு மூங்கில் அவ்வளவு பழக்கமான பொருள். அந்தப் பழக்கத்தினாலேயே பலர் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

முதலில் கால்களைப் பாருங்கள். படி செருகுவதற்காகத் துளையிட்ட இடங்களில்தான் மூங்கில் நெடுக்காகப் பிளக்கத் தொடங்கும். கணுவை ஒட்டித் துளையிட்டு, துளைக்கு மேலும் கீழும் கட்டுக்கம்பி இறுகச் சுற்றியிருந்தால் செய்தவர் தொழில் தெரிந்தவர். விரல்நுனியைத் துளையைச் சுற்றி ஓட்டினால் மயிரிழைப் பிளவும் தட்டுப்படும். நகம் உள்ளே நுழையுமளவு பிளவு இருந்தால் அந்த ஏணியில் ஏறக் கூடாது. அடுத்து ஒவ்வொரு படியையும் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். திரும்பும் படி, ஒரு நாள் பாதத்துக்கடியிலும் திரும்பும். கடைசியாக, ஏணி சாத்தியிருந்த இடத்தில் தரையைப் பாருங்கள். மாவு போன்ற மஞ்சள் தூள் சிந்தியிருந்தால் மூங்கிலை வண்டு துளைக்கிறது என்று பொருள். வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே உளுத்திருக்கும்.

மூங்கில் ஏணிக்கும் மர ஏணிக்கும் வண்ணம் பூசக் கூடாது. வண்ணம் பிளவை மறைத்துவிடும். பழைய ஏணியை விற்க வருகிறவர் புதுப்பச்சை வண்ணத்தோடு கொண்டுவந்தால் சந்தேகப்படுங்கள். நிறமற்ற வார்னிஷ் அடிப்பதில் தவறில்லை. இன்னொன்று: மூங்கிலில் மின்சாரம் பாயாது என்ற நம்பிக்கை உலர்ந்த மூங்கிலுக்குத்தான் ஓரளவு பொருந்தும், ஈர மூங்கிலுக்குப் பொருந்தாது.

ஏணியில் ஒட்டியிருக்கும் எடைக் குறிப்பு எதைச் சொல்கிறது?

ஏறுபவரின் எடை, அவர் கையிலுள்ள கருவி, வண்ண வாளி ஆகிய எல்லாம் சேர்ந்த மொத்தச் சுமையைச் சொல்கிறது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 131 அதிகபட்சச் சுமையை 150 கிலோ என்று வரையறுக்கிறது. அமெரிக்க முறையில் வகைகள் உண்டு: வீட்டு உபயோகத்துக்கான டைப் 3 ஏணி சுமார் 90 கிலோவையும், கனமான வேலைகளுக்கான டைப் 1ஏ ஏணி சுமார் 136 கிலோவையும் தாங்கும். நம் நாட்டில் ஏணிகளுக்கான பாதுகாப்பு நெறிகளை ஐஎஸ் 3696 தரத்தின் இரண்டாம் பகுதி கூறுகிறது.

80 கிலோ எடையுள்ளவர் 10 லிட்டர் வண்ண வாளியோடு ஏறினால் வாளியே பதின்மூன்று கிலோவுக்குக் குறையாது என்பதால் 90 கிலோ ஏணி அவருக்கு ஆகாது. எடைக் குறிப்பே ஒட்டப்படாத ஏணியை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

சாத்து ஏணியைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்?

நான்குக்கு ஒன்று என்பது விதி. ஏணி சுவரைத் தொடும் இடம் 12 அடி உயரத்தில் இருந்தால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். அப்போது தரைக்கும் ஏணிக்கும் இடையே ஏறக்குறைய 75 பாகைக் கோணம் அமையும். அளவுகோல் இல்லாவிட்டால், ஏணிக் காலில் உங்கள் கால்விரல்கள் படும்படி நிமிர்ந்து நின்று இரு கைகளையும் தோளுக்கு நேராக நீட்டுங்கள். உள்ளங்கை படியை இயல்பாகத் தொட்டால் சாய்வு சரி. கையை மடக்க வேண்டியிருந்தால் ஏணி மிகவும் நிமிர்ந்திருக்கிறது. எட்டவில்லை என்றால் மிகவும் படுத்திருக்கிறது.

சாய்வு கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடும்? பாதி ஏறும்வரை ஏணி அசையவில்லையே?

விபத்துகளில் சிக்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

ஏணியில் நிற்பவரின் எடை கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. ஏணியின் காலைச் சுவரிலிருந்து வெளிப்புறமாகவும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தரையின் உராய்வு ஒன்றுதான் தடுத்து நிறுத்துகிறது. 70 கிலோ எடையுள்ளவர் உச்சியருகே நிற்கும்போது, 75 பாகைச் சாய்வில் இந்தத் தள்ளல் சுமார் 19 கிலோ எடைக்குச் சமம். ஏணி 65 பாகைக்குப் படுத்தால் அது 33 கிலோவாகிறது. 60 பாகையில் 40 கிலோ. கண்ணுக்கு அந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது. ஆனால் தரை தாங்க வேண்டிய தள்ளல் இரு மடங்காகிவிடுகிறது.

அத்துடன், ஒருவர் ஏற ஏற இந்தத் தள்ளலும் ஏறுகிறது. பாதி உயரத்தில் நிற்கும்போது உச்சியில் இருப்பதில் பாதிதான் இருக்கும். ஆகவே ஐந்தாறு படி ஏறியும் ஏணி அசையவில்லை என்பதால் அது நன்றாக நிற்கிறது என்று முடிவு கட்ட முடியாது. வழுக்க வேண்டிய ஏணி, நீங்கள் உச்சியை அடைந்த பிறகே வழுக்கும். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையை மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் தொடுகிறார்.

மிகவும் நிமிர்த்தி வைப்பதும் தவறு. அப்போது ஏறுபவர் சற்றே பின்னுக்குச் சாய்ந்தாலும் ஏணி அவரோடு சேர்ந்து பின்பக்கம் விழும்.

எந்தத் தரையில் ஏணி வைக்கலாம்?

வறண்ட சிமெண்டுத் தரை மிக நல்லது. பளபளப்பான டைல்ஸ் தரையில் காலின் அடியில் மாட்டிய ரப்பர் புஷ் தேய்ந்த ஏணி, பனிக்கட்டிமேல் வைத்தது போலத்தான். விசிறியைத் துடைக்கப் பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, அதிலிருந்து சொட்டிய நான்கு துளியில் ஏணிக்கால் நகர்ந்து நான் ஒரு முறை மூன்றாம் படியிலிருந்து இறங்கிய விதம், இறங்குதல் என்ற சொல்லுக்குப் பொருந்தாது. அன்றிலிருந்து ஏறுவதற்கு முன்னால் புஷ்ஷைப் பார்க்கிறேன். கரும்பலகை போல வழவழப்பாகிவிட்ட புஷ்ஷை மாற்ற ஆகும் செலவு மிகச் சொற்பம். தரைக்கும் புஷ்ஷுக்கும் இடையே துணியோ சாக்கோ போடக் கூடாது. துணி தரையோடு சேர்ந்து வழுக்கும்.

மண்தரையில் ஒரு கால் புதைந்தால் ஏணி பக்கவாட்டில் சாயும். அகலமான பலகையைப் போட்டு, அது ஆடாமல் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அதன்மேல் ஏணியை வையுங்கள். ஒரு காலுக்கு மட்டும் செங்கல்லோ தேங்காய் மட்டையோ முட்டுக்கொடுப்பது வேண்டாம். உயரமான பக்கத்து மண்ணைச் செதுக்கிச் சமன்செய்வதே சரி.

ஏணியின் தலைப்பகுதியை எதன்மேல் சாத்தலாம்?

கெட்டியான சுவர், கான்கிரீட் விளிம்பு ஆகியவற்றில் சாத்தலாம். பிவிசி குழாய், மழைநீர்த் தகரம், சன்னல் கண்ணாடி, ஓட்டுக்கூரையின் ஓரம், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் சாத்தக் கூடாது. தொட்டியின் வளைந்த உடலில் ஏணியின் இரு கால்களும் ஒருசேரப் படியாது. தொட்டி காலியாக இருந்தால் அதுவே நகர்ந்துவிடும். மரத்தில் சாத்தினால் அடிமரத்தோடு கயிற்றால் கட்டாமல் ஏறக் கூடாது.

முதலில் ஏறுபவர் மேலே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஏணியின் இரு கால்களையும் அசையாத ஏதோவொன்றோடு கட்டுவதுதான். அவர் கட்டி முடிக்கும்வரை கீழே ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கீழே ஒருவர் பிடித்துக்கொண்டால் போதாதா?

கட்டுவதற்கு அது ஈடாகாது. சிறிய ஏணியின் கால் நகராமல் ஒருவரால் தடுக்க முடியும். உச்சியில் நிற்பவர் பக்கவாட்டில் சாயத் தொடங்கினால் கீழே இருப்பவரால் ஒன்றும் செய்ய இயலாது. பிடிப்பவர் ஏணிக்கு முன்னே நின்று, இரு கால்களையும் இரு கைகளாலும் பற்றி, ஒரு பாதத்தை அடிப்படியில் அழுத்தி வைக்க வேண்டும். கைபேசி பையில் இருக்க வேண்டும். மேலிருந்து சுத்தியல் விழக்கூடும் என்பதால் அவர் தலைக்கவசம் அணிவது நல்லது. இருசக்கர வாகனத்துக்கு வைத்திருப்பதே போதும்.

ஏறும்போதும் வேலை செய்யும்போதும் கவனிக்க வேண்டியவை எவை?

ஏணியைப் பார்த்தபடியே ஏறி, ஏணியைப் பார்த்தபடியே இறங்க வேண்டும். இரு கைகளும் இரு பாதங்களும் ஆகிய நான்கில் எப்போதும் குறைந்தது மூன்று ஏணியில் இருக்க வேண்டும். கையில் வாளி இருந்தால் இது நடவாது; ஆகவே கருவிகளை இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வாளியை மேலே போன பிறகு கயிறு கட்டி இழுத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும்போது தொப்புள் ஏணியின் இரண்டு கால்களுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். இன்னும் ஒரு சாண்தானே என்று எட்டும்போதுதான் பலர் விழுகிறார்கள். இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். சாத்து ஏணியில் மேல் மூன்று படிகளில் நிற்கக் கூடாது. அவை கையால் பிடிப்பதற்கானவை.

மடக்கு ஏணியை மடக்கிய நிலையிலேயே சுவரில் சாத்தி ஏறலாமா?

கூடாது. விரிந்து நான்கு கால்களில் நிற்பதற்காகவே அதன் புஷ்கள் அமைக்கப்பட்டுள்ளன. மடக்கிச் சாத்தினால் புஷ்ஷின் ஓரம் மட்டுமே தரையில் படும். விரித்த பிறகும், இரு பக்கங்களையும் இணைக்கும் பட்டை முழுவதும் நீண்டு பூட்டிக்கொண்டதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். பின்பக்கத்துக் குறுக்குச் சட்டங்கள் படிகளைப் போலத் தோன்றினாலும் ஏறுவதற்கானவை அல்ல.

வண்ணம் பூசுபவர்கள் சிலர் இரண்டு ஏணிகளைத் தலையில் கயிற்றால் பிணைத்து, உச்சியில் இருந்தபடியே இடுப்பை அசைத்து அதை நடக்க வைப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கயிறு ஒரு சுற்று நழுவினால் இரண்டு ஏணிகளும் விரிந்து படுத்துவிடும் என்பதால் உங்கள் வீட்டில் அதை அனுமதிக்காதீர்கள்.

நீட்டி மடக்கும் டெலஸ்கோபிக் ஏணி பாதுகாப்பானதா?

தரமானதாக இருந்தால் ஆம். ஒவ்வொரு கணுவிலும் இருபுறமும் பூட்டு விழுந்ததா என்று ஏறுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்; மடக்கும்போது விரல்களைப் படிகளுக்கிடையே வைக்கக் கூடாது. மணலும் சுண்ணாம்பும் புகும் வேலைக்கு அது ஏற்றதன்று.

மின்கம்பிகள் அருகே இருந்தால் என்ன செய்வது?

நம் தெருக்களில் மாடியின் கைப்பிடிச் சுவருக்கு மிக அருகிலேயே கம்பி செல்லும் வீடுகள் உண்டு. ஏணியை நிமிர்த்தும் அந்தச் சில நொடிகள்தான் மிக ஆபத்தானவை: 15 அடி ஏணி நிமிரும்போது அதன் தலை எங்கே போகிறது என்பதைக் காலடியில் நிற்பவரால் சரியாகக் கணிக்க முடியாது. ஆகவே ஏணியைத் தூக்குமுன் மேலே அண்ணாந்து பாருங்கள். கம்பியிலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது 10 அடி, அதாவது 3 மீட்டர் விலகி இருங்கள். ஏணியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும்போது படுக்கைவசமாகவே தூக்குங்கள். 11,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. மிக நெருங்கினாலே மின்சாரம் தாவக்கூடும். அந்த இடைவெளி கிடைக்காத இடத்தில் வேலை செய்தே ஆக வேண்டுமானால், மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து, மின்சாரம் நிறுத்தப்பட்டதை அவர்கள் உறுதிசெய்த பிறகே தொடங்குங்கள்.

வீட்டுக்குள் விசிறியையோ விளக்கையோ தொடுவதாக இருந்தால் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தது போதாது, மெயினை இறக்கிவிடுங்கள். சின்ன அதிர்ச்சிகூட ஏணியில் நிற்பவரைக் கைவிட வைத்துவிடும்.

என்ன உடுத்தி ஏறுவது? யார் ஏறக் கூடாது?

வேட்டி, லுங்கி, புடவை, தொங்கும் துப்பட்டா ஆகியவை படியில் சிக்கும். ரப்பர் செருப்பும் ஈரப் பாதமும் வேண்டாம். அடிப்பாகம் வழுக்காத காலணி நல்லது. தலைசுற்றல் உள்ளவர்கள், தூக்கம் வரவழைக்கும் மருந்து சாப்பிட்டவர்கள், குடித்தவர்கள் ஏறக் கூடாது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நெடுநேரம் வேலை செய்தால் இளைஞர்களுக்கும் தலை சுற்றும் என்பதால் இடையிடையே இறங்கி ஓய்வெடுக்க வேண்டும்.

ஏணியை எங்கே, எப்படி வைத்துப் பாதுகாப்பது?

வெயிலும் மழையும் படாத இடத்தில், சுவரில் ஆணிகள் அறைந்து படுக்கைவசமாக மாட்டுங்கள்; நீண்ட ஏணிக்கு இரண்டு ஆணி போதாது, நடுவிலும் ஒன்று வேண்டும். ஃபைபர் ஏணி வெயிலில் கிடந்தால் மேற்பூச்சு உதிர்ந்து, கண்ணாடியிழை கையில் முள்ளாகக் குத்தத் தொடங்கும். வெளியே வைப்பதாக இருந்தால் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். சந்தில் சும்மா கிடக்கும் ஏணி திருடருக்குத்தான் முதலில் பயன்படும்.

ஆண்டுக்கொரு முறை முழுச் சோதனைக்கு ஆயுத பூஜையைவிட நல்ல நாள் இல்லை. எப்படியும் ஏணியைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கப்போகிறோம். துடைக்கும் கையோடு ரிவெட்டுகள், புஷ்கள், பட்டைகள், பிளவுகள் ஆகியவற்றையும் பார்த்துவிடலாம்.

விழுந்தவரை என்ன செய்ய வேண்டும்?

பதறி உடனே தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்திலோ முதுகிலோ வலி, கைகால் மரத்துப்போதல், மயக்கம், வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அவரைப் படுத்த நிலையிலேயே அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசினாலும், குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஏணி மின்கம்பியில் பட்டிருந்தால் ஏணியையும் அவரையும் தொடாதீர்கள்; மின்சாரம் நிறுத்தப்படும்வரை மற்றவர்களையும் நெருங்க விடாதீர்கள்.

வளைந்த அல்லது உடைந்த ஏணியைச் சரிசெய்து பயன்படுத்தலாமா?

புஷ், கயிறு, ரிவெட்டு ஆகியவற்றை மாற்றலாம். வளைந்த அலுமினியக் காலைத் தட்டி நிமிர்த்தக் கூடாது. நிமிர்த்திய இடம் மறுபடி மடங்கும். பிளந்த மூங்கிலுக்குக் கம்பி சுற்றுவதும் கழிந்த ஏணிக்கு ஆயுள் கூட்டாது. அப்படிப்பட்ட ஏணியைப் பழைய பொருள் வாங்குபவரிடம் முழுதாகக் கொடுத்தால், அது மறுவாரமே வேறொரு வீட்டுச் சுவரில் சாத்தப்பட்டிருக்கும். ஆகவே நடுவில் இரண்டாக அறுத்துவிட்டுக் கொடுங்கள். மூங்கிலானால் வெந்நீர் அடுப்புக்கு இரண்டு மூன்று நாள் வரும்.